மைக்கைப் பிடித்து 'வாங்க' கேட்ட கதை

ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்தியவள் நான். எழுத்து கோணல்மாணலாக இருக்கும், மறதியும் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள். அதைவிடப் பெரிய குறை, கூச்சம். பள்ளிபாளையத்தில் வீடு கட்டிக் குடிபோன அன்று, வந்த சனத்தைப் பார்த்துப் பயந்து சமையல்கட்டுக்குள் ஒளிந்துகொண்டேன். என் நங்கையாவை (வீட்டுக்காரரின் அக்கா) 'வாங்க' என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்கள் பக்கம் வேறு எதையும் மன்னிப்பார்கள், வந்தவரை 'வாங்க' கேட்டு வரவேற்காததை மட்டும் மாட்டார்கள். பதினெட்டு வருசம் சொல்லிக் காட்டினார்.

ஆனால் நான் தறி ஓட்டுகிற குடோனில் வேறு ஆள். கரண்ட் போனால் முதலாளி வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஓட்டத்தை நடித்துக் காட்டுவேன். பக்கத்துத் தறிப் பெண்கள் சிரித்தே சாய்வார்கள். அதை மகள் கவிதா போனில் பிடித்து, சேலத்தில் நகைச்சுவை மேடை நடத்துகிறவர்களுக்கு அனுப்பிவிட்டாள். அவர்களும் கூப்பிட்டுவிட்டார்கள்!

"ஊட்டுக்கு வந்தவிய கிட்டயே பேச வாய் வராது. இவ மேடையில பேசப்போறாளாமா!" என்றார் நங்கையா. அந்தச் சொல்லுக்காகவே கிளம்பினேன். ஐந்து நிமிடம் பேசிவிட்டால் போதும், இனி யாரும் என்னை ஊமை என்று சொல்ல முடியாது.

மேடைக்குப் பக்கத்திலேயே வாசல். நடத்துகிற தம்பி, "அம்மா, நான் போன்ல டார்ச் அடிச்சா ஒரு நிமிசந்தான் பாக்கி" என்று சொல்லி மைக்கைக் கொடுத்தார்.

"எங்க மொதலாளி..." என்று ஆரம்பித்தேன். கதவைத் திறந்துகொண்டு இரண்டு பேர் வந்தார்கள். 'வாங்க' கேட்காமல் விட்டுவிடுவேனோ என்ற பழைய பயம். "வாங்க சாமி, வாங்க, உக்காருங்க" என்றேன். திரும்ப "எங்க மொதலாளி..." இன்னும் மூன்று பேர். "வாங்க, வாங்க."

அப்போதுதான் உறைத்தது. லேட்டாக வந்தவர்களைக் கேட்டுவிட்டு, நேரத்தோடு வந்தவர்களை விட்டால் கோவித்துக்கொள்ள மாட்டார்களா? முதல் வரிசையிலிருந்து தொடங்கினேன். "நீங்க வாங்க. கண்ணாடி போட்ட தம்பி, நீங்களும் வாங்க. அம்மிணி, சாப்புட்டீங்களா?" சனம் விழுந்து விழுந்து சிரித்தது. (சேலை அவிழ்ந்துவிட்டதோ என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.) கடைசி வரிசையை எட்டும்போது டார்ச் வெளிச்சம். "ஏனுங், கரண்ட் போயிருச்சுங்களா?" என்று கேட்டேன்.

மூலையில் தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். "எல்லாத்தையுங் கேட்டுப்போட்டு என்னைய உட்டுப்போட்டா பாருங்க! பதினெட்டு வருசமா இதேதானுங்!"

நங்கையா! யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி வந்திருக்கிறார்.

"வாங்க நங்கையா!" என்று மைக்கில் கத்தினேன். தெருவுக்கே கேட்டிருக்கும். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. நங்கையாவும் தட்டினார். முதலாளி கதையை மட்டும் சொல்லவே இல்லை.

இப்போது ஆறு மேடை ஏறிவிட்டேன். ஒவ்வொன்றிலும் முதல் வார்த்தை "வாங்க நங்கையா"தான். அவர் முன்வரிசையில் உட்கார்ந்து, அதைக் கேட்ட பிறகுதான் சிரிக்கவே தொடங்குவார். வீட்டில் யாரையாவது நான் 'வாங்க' என்றால் போதும், கவிதா உடனே டார்ச் அடிக்கிறாள்.

அன்றைக்கு நங்கையா போக நாற்பத்தோரு பேரை 'வாங்க' கேட்டேன் என்பது என் நினைப்பு. தன்னைச் சேர்த்தால்தான் நாற்பத்தொன்று என்கிறார் நங்கையா. வீடியோ கவிதாவிடம் இருக்கிறது. யாராவது பார்த்து, எண்ணிச் சொல்லுங்கள். ஒருத்தர் விட்டுப்போயிருந்தாலும் எனக்குத் தூக்கம் வராது.