மஞ்சள் துணி நடுவர்

இந்த வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமையையும் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை என்று யுவனேஸ்வரன் சபதம் எடுத்திருந்தார். ஞாயிறு பின்னேரம் ஆறு மணிக்கு அமெரிக்கன் ஃபுட்போல் தொடங்கும். தொடங்கிவிட்டால், லண்டன் வெம்பிளி வீட்டுச் சோபாவிலிருந்து அவரைக் கிளப்ப கிரேன்தான் வரவேண்டும். கலியாண வீடோ செத்த வீடோ, சனிக்கிழமையோடு முடித்துக்கொள்ளுங்கள் என்பது அவர் ஊருக்குப் போட்ட சட்டம்.

பார்த்து என்ன கண்டார்? அழுகைதான். பத்து வருடமாக அவர் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கும் அணி, தோற்பதற்கென்றே பிறந்த அணி. தோற்கும்போதெல்லாம் குற்றவாளிகள் மூன்று பேர்: நடுவர், கோச், லீக். விளையாடினவர்கள் மேல் அவர் ஒருநாளும் பழி போட்டதில்லை.

சீசனின் முதல் ஞாயிறும் அப்படித்தான். மனைவி தக்ஷிகா சின்னவனுக்குச் சோறு தீத்திக்கொண்டிருந்தாள். மூத்தவள் சுவரில் பூனைப் படம் கீறிக்கொண்டிருந்தாள். அப்பாவுக்குப் பக்கத்துச் சுவர்தான். அப்பா பார்த்தால்தானே.

"பாரும் தக்ஷி, தொட்டதுக்கெல்லாம் பிழையெண்டு நடுவர் மஞ்சள் துணி எறியிறான். பந்து எறியிறவனை இனிக் கும்பிட்டுப்போட்டுத்தான் தொடவேணும் போல."

"ஏன், அவர் சாமியோ?"

"லீக் அப்பிடித்தான் ஆக்கி வைச்சிருக்கு. பிறகு வீடியோவைத் திருப்பித் திருப்பிப் பாப்பாங்கள். பாத்து முடிச்சு, பிழையாச் சொல்லுவாங்கள்."

"அதுக்கிடையிலை நீங்கள் எழும்பி ஒரு தேத்தண்ணி போடலாம்."

"கோச்சைப் பாரும். ஒரு யார் தூரம் முன்னாலை போனாக் காணும். துணிஞ்சு ஓடவேண்டியதுக்கு, பந்தை உதைச்சு மற்றவனுக்குக் குடுக்கிறான். தானம் பண்ணுறான்."

"இவ்வளவு பிழையெண்டா ஏனப்பா பாக்கிறியள்?"

"நானும் பாக்காட்டி ஆர் கேக்கிறது?"

தக்ஷிகாவுக்கும் ஒரு ஞாயிற்று ஆசை இருந்தது. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வலைப்பந்து ஆடியவள். தமிழ்ப்பள்ளி அம்மாமார் சேர்ந்து மண்டபத்தில் ஞாயிறு ஆறு மணிக்கு வலைப்பந்துப் போட்டிகள் வைக்கப்போகிறார்கள், அவருடைய சீசன் முடியும் பெப்ரவரி வரைக்கும். நடுவர் ஒருவர்தான் கிடைக்கவில்லை. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அவரைக் கேட்டுப் பார்த்தாள். "ஞாயிறு மட்டும் ஏலாது" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அடுத்த மஞ்சள் துணி விழுந்தது. யுவனேஸ்வரன் தலையில் கை வைத்தார்.

"இவங்களை விட நான் நல்லா விசில் ஊதுவன்."

"உண்மையாவோ?"

"கண்ணைக் கட்டிவிட்டாலும் ஊதுவன்."

தக்ஷிகா மேசையில் கிடந்த போனிடம் குனிந்தாள். "கேட்டுதே அண்ணை?"

"வடிவாக் கேட்டுது தங்கச்சி," என்றது போன். தமிழ்ப்பள்ளிச் செயலாளர் செல்வரத்தினத்தின் குரல்.

யுவனேஸ்வரன் வாயை மூடுவதற்குள் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழு முழுக்கக் கும்பிட்ட கைகள். வாழ்த்துகள் நடுவர் அவர்களே. இனி மாட்டேன் என்றால் வெம்பிளியில் தலை காட்ட முடியாது. ஃபுட்போலைப் பதிவு செய்து பிறகு பார்க்கலாமே என்றாள் தக்ஷிகா. முடிந்த ஆட்டம் ஆறின தேத்தண்ணி; அதை அவர் குடிப்பதில்லை.

அந்தக் கிழமை முழுக்க அவர் சோறு இறங்காமல் யோசித்தார். கடைசியில் வழி பிறந்தது. ஒரேயொரு போட்டி. அதில் யாரும் கண்டிராத அளவுக்குப் பிழையாக ஊதுவது. அவர்களே அவரைக் கலைத்துத் துரத்திவிடுவார்கள். அடுத்த ஞாயிறு சோபா. பிழையாக ஊத அவர் யாரிடமும் போய்ப் படிக்கவேண்டியதில்லை. பத்து வருடப் படிப்பு.

ஞாயிறு வந்தது. பிள்ளைகள் மண்டபத்து மூலையில் மற்றப் பிள்ளைகளோடு உருண்டுகொண்டிருந்தார்கள். யுவனேஸ்வரன் குசினியில் எடுத்த மஞ்சள் துணியைக் காற்சட்டைப் பையில் செருகிக்கொண்டு விசிலை ஊதினார். முதல் நிமிடமே துணி பறந்தது.

"சிவமலர் அக்கா, அவவிலை முட்டிட்டியள்."

"நான் மூச்சு விட்டனான் தம்பி."

"மூச்சும் பட்டது. பத்து யார் பின்னாலை போங்கோ."

"பத்து யார் போனா கார் பார்க் வரும்."

"அங்கை நில்லுங்கோ."

அடுத்ததாகத் தக்ஷிகா போட்ட கோல். பந்து வலைக்குள்ளால் விழுந்ததை மூலையில் உருண்ட பிள்ளைகளே பார்த்தார்கள். "சந்தேகம் இருக்கு," என்றார் யுவனேஸ்வரன். ஆட்டத்தை நிறுத்தி, யாரோ எடுத்த வீடியோவை வாங்கி, முன்னுக்கும் பின்னுக்கும் தள்ளித் தள்ளிப் பார்த்தார். பிறகு தாடையைத் தடவினார். பிறகு திரும்பவும் பார்த்தார். கோல் இல்லை.

சண்டை வெடிக்கும் என்று காத்திருந்தார். வெடிக்கவில்லை. ஆட்டம் நின்ற இடைவெளியில் அம்மாமார் எல்லோரும் வரிசையாகப் பள்ளிக்கூடக் கன்ரீனில் நின்றார்கள். கார் பார்க்கிலிருந்து வந்த சிவமலர் அக்கா ஒரு கையில் தேத்தண்ணியும் மறு கையில் பொரித்த றோல்ஸுமாகக் கேட்டார்:

"அடுத்த பிழை எப்ப தம்பி? முழங்கால் நோகுது, கொஞ்சம் இருக்கவேணும்."

அவர் விடாமல் எறிந்தார். துணி விழ விழ ஆட்டம் நின்றது; ஆட்டம் நிற்க நிற்க றோல்ஸ் விற்றுத் தட்டு வெறுமையானது. அமெரிக்காவில் அந்த நடுவர்களை ஏன் கலைக்காமல் வைத்திருக்கிறார்கள் என்பது பத்து வருடத்துக்குப் பிறகு அவருக்கு அப்போதுதான் விளங்கியது. விளங்கி என்ன பிரயோசனம்? செல்வரத்தினம் மைக்கைப் பிடித்துவிட்டார்.

"சொந்த மனிசிக்கே கோல் குடுக்காத நேர்மையான நடுவர். பெப்ரவரி வரைக்கும் இவர்தான்."

மண்டபம் கைதட்டியது. மற்ற எல்லாரையும் விட உரக்கத் தட்டியவள் தக்ஷிகா.

காரில் பிள்ளைகள் நித்திரையாகிவிட்டார்கள். யுவனேஸ்வரன் போனைப் பார்த்தார். அவருடைய அணி தோற்றுவிட்டது. கடைசி நேரத்தில் ஒரு மஞ்சள் துணியாம். பக்கத்தில் இருந்து திட்டக்கூட அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. இனிமேல் மறைத்து என்ன?

"தக்ஷி, நான் வேணுமெண்டுதான் பிழையா ஊதினனான். கலைப்பினம் எண்டு நினைச்சன்."

"தெரியுமப்பா," என்றாள் தக்ஷிகா, இடப்பக்கம் சிக்னல் போட்டுக்கொண்டே. "அவர் ஊதுறது எல்லாம் பிழையாத்தான் இருக்கும், றோல்ஸைக் கூடப் பொரிச்சு வையுங்கோ எண்டு செல்வரத்தினம் அண்ணைக்கு வெள்ளிக்கிழமையே சொல்லிப்போட்டன்."