கெட்ட செய்தி சொல்லத் தெரியாத பாண்காரர்

கெட்ட செய்தி சொல்லத் தெரியாத மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான் பிறந்தார். அவரும் கொட்டகலை பஜாரிலிருந்து எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குப் பாண் ரொட்டி கொண்டுவந்து விற்றார். மற்ற எல்லோருக்கும் இது கைவந்த கலை. ஒருவன் வழுக்கி விழுந்தால் அவன் எழுந்து வேட்டியைத் தட்டுவதற்குள் கருமாதிக்கு நாள் குறித்துவிடுவார்கள்.

அவர் பெயர் யாருக்கும் தெரியாது. பாண்காரர், அவ்வளவுதான். ஐம்பது வயதிருக்கும். சைக்கிளின் பின்னால் தகரம் அடித்த பெட்டி, முன்னால் ரப்பர் ஹார்ன். மேட்டில் அவர் சைக்கிளைத் தள்ளுவார். இறக்கத்தில் சைக்கிள் அவரை இழுத்துக்கொண்டு போகும். அவர் அதில் ஏறி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

அந்தக் காலத்தில் தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் எங்கள் லயங்களில் போன் கிடையாது. அவசரமென்றால் பாண்காரரின் பஜார் பேக்கரிக்குத்தான் போன் வரும். மறுநாள் காலை பாணோடு செய்தியும் வரும். நல்ல செய்தி என்றால் ஹார்ன் சத்தம் இரண்டு மலைக்கு அப்பால் கேட்கும். கெட்டதென்றால்தான் தொல்லை. ராகலையில் ஒரு பெரியவர் இறந்துபோனதை அவருடைய மருமகனிடம், "உங்க மாமா நல்லாத் தூங்குறாருங்க, இருமல்கூட இல்லை" என்று சொல்லிவிட்டுப் போனார். மருமகன் நிம்மதியாக வேலைக்குக் கிளம்பிவிட்டான். பரீட்சையில் தவறிய பையனிடம், "இன்னொரு தடவ எழுத விட்டிருக்காங்க தம்பி!" என்று கை குலுக்கினார். கிரிக்கெட்டில் இலங்கை தோற்ற அன்று, "நம்ம ஆளுங்க ரெண்டாவதா வந்துட்டாங்க" என்றார்.

இப்படிப்பட்டவரிடம்தான் அந்த டிவி பாட்டுப் போட்டி வந்து மாட்டிக்கொண்டது.

கொழும்பில் டிவிக்காரர்கள் அதை நடத்தினார்கள். பதினான்கு பேர் பாடுவார்கள், ஒவ்வொரு ஞாயிறும் ஒருவர் வெளியேற வேண்டும். அந்தப் பதினான்கில் ஒருத்தி எங்கள் லயத்து சுகந்தி. கொழுந்து பறிக்கும் பார்வதி அக்காவின் ஒரே மகள். கொழும்பில் சித்தி வீட்டில் தங்கிப் பாடினாள். எங்கள் லயமோ பள்ளத்தில் இருந்தது. அண்டெனாவை எந்த மரத்தில் கட்டினாலும் அந்த டிவியில் மழை மட்டும்தான் பெய்யும். பஜாருக்குப் போய்ப் பார்க்கலாமென்றால் நிகழ்ச்சி முடிவதற்குள் கடைசி பஸ் போய்விடும். ஆகவே ஞாயிறு நடந்ததைத் திங்கள் காலை பாண்காரர் வந்து சொல்ல வேண்டும்.

சுகந்திக்கான ஓட்டுகளைத் தபாலட்டையில் எழுதி அனுப்ப வேண்டும். நான் அப்போது தோட்டப் பள்ளிக்கூடத்தில் புதிய வாத்தியார். என் கையெழுத்து அழகு என்று யாரோ கிளப்பிவிட, திங்கள் மாலையில் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு நிற்பதுபோல என் வாசலில் வரிசை கட்டினார்கள். ஒரு பெரியவர் தன் கூரை ஒழுகுவதையும் சேர்த்து எழுதச் சொன்னார். "டிவிக்காரங்களும் தெரிஞ்சுக்கட்டும் சேர்." அட்டைகள் செவ்வாய்க்கிழமை பாண் பெட்டியில் ஏறித் தபாற்கந்தோருக்குப் போகும்.

சுகந்தி வாராவாரம் முன்னேறினாள். ஐந்தாம் வாரம் நடுவர் கண் கலங்கினார். ஆறாம் வாரம் எழுந்து நின்றார். ஏழாம் வாரம் கையெடுத்துக் கும்பிட்டாராம். எனக்கு லேசாகச் சந்தேகம் தட்டியது.

"இந்த வாரம் வெளியே போனது யாரு?" என்று கேட்டேன்.

"யாரும் போகலீங்க சேர். எல்லாமே நல்லாப் பாடுதுங்க, எப்படி அனுப்ப மனசு வரும்?"

ஏழு வாரமாகியும் அவர் கணக்கில் பதினான்கு பேரும் அப்படியே இருந்தார்கள். அடுத்த ஞாயிறு நானே பஜாருக்கு இறங்கிப் பேக்கரி டிவிக்கு முன்னால் உட்கார்ந்தேன். ஏழு பேர்தான் பாடினார்கள். சுகந்தி இல்லை.

திரும்பிப் பார்த்தேன். பாண்காரர் கோதுமை மா மூட்டைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தார்.

"மூணு வாரத்துக்கு முந்தியே தோத்துட்டா சேர்," என்று அங்கிருந்தே குரல் வந்தது. "அழுதுகிட்டே போன் பண்ணுச்சு. 'அம்மாகிட்ட சொல்லிருங்க மாமா, இந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு ஊருக்கு வரமாட்டேன். வர்ற மாசம் இங்கேயே ஒரு வீட்டு வேலைக்குப் போயிர்றேன்'னு சொல்லுச்சு."

மாதம் பிறக்க ஒரு வாரம்தான் இருந்தது. மகள் ஜெயித்துக்கொண்டிருக்கிறாள் என்று நம்புகிற தாய் அவளை எப்படித் திரும்பக் கூப்பிடுவாள்?

"அப்போ நாங்க எழுதிக் குடுத்த அட்டையெல்லாம்?"

"அவ தோத்த பொறகு வந்ததை டிவிக்கு அனுப்பலீங்க. சித்தி வீட்டு விலாசத்தை மேல எழுதி அவளுக்கே அனுப்பிட்டேன்."

"அவளுக்கு எதுக்கய்யா?"

"ஓட்டு அவளுக்குத்தானே போட்டாங்க?"

நான் பட்டப்படிப்பு படித்தவன். இருந்தும் அந்தக் கணக்கை விரல்விட்டு இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன்.

காலையில் நானே போய்ச் சொல்கிறேன் என்றேன். அவர் கேட்கவில்லை. "எங்கிட்டதான் சொல்லச் சொல்லுச்சு சேர். நானே சொல்றேன்." அன்றிரவு மா மூட்டைமேல் படுத்துக் கிடந்தேன். விடிய விடிய அவர் பாண் சுடும் போறணையிடம் போய், "தங்கச்சி, புள்ள தோத்துட்டா" என்று சொல்லிப் பழகிக்கொண்டிருந்தார். போறணை தாங்கிக்கொண்டது.

காலையில் ஹார்ன் அடிக்காமல் லயத்துக்குள் நுழைந்தார். அதுவே புதுமையாகி எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். பார்வதி அக்கா மலைக்குப் போகக் கூடையை மாட்டிக்கொண்டு நின்றார்.

"என்னண்ணே, புள்ள பாடிச்சா?"

"தங்கச்சி... பாண் இன்னைக்கு நல்லா வெந்திருக்கு."

நான் இருமினேன்.

"மழ வரும்போல இருக்கு தங்கச்சி."

மறுபடியும் இருமினேன். அவர் பெட்டி மூடியை இறுகப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு, மூன்று லயத்துக்கும் கேட்கும்படி கத்தினார்: "புள்ள தோத்துட்டா! மூணு வாரமாச்சு! வூட்டு வேலைக்குப் போகப் போறாளாம்! நான் சொன்னதெல்லாம் பொய்யி!"

பார்வதி அக்கா கூடையைக் கழற்றிக் கீழே வைத்தார்.

"தோத்துட்டாளா?"

"ஆமா தங்கச்சி."

"நெசமாவா?"

"சத்தியமா."

"அப்ப வூட்டுக்கு வரச் சொல்லலாம்ல!"

அந்த முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "ஜெயிச்சா கொழும்போடயே இருந்துருவான்னு வாராவாரம் பயந்துகிட்டே கெடந்தேன் அண்ணே. ஓட்டும் போட்டேன், தோக்கணும்னு மாரியம்மாகிட்ட வேண்டிக்கவும் செஞ்சேன்."

பாண்காரர் ஒரு கண்ணைத் திறந்தார். பிறகு மற்றதையும் திறந்தார். "இவ்வளவு லேசா சேர்?" என்றவர், கிடைத்த தைரியத்தில் பக்கத்தில் நின்ற தொழிற்சாலைக் காவல்காரரைப் பார்த்து, "உங்க மச்சான் கல்யாணமும் போன மாசமே நின்னு போச்சுங்க!" என்றார். அந்த மனிதர் கல்யாணத்துக்கென்று புதுச் சட்டை தைத்து வைத்திருந்தார்.

பார்வதி அக்கா அன்று வேலைக்குப் போகவில்லை. பேக்கரிக்கு இறங்கிப் போய் மகளோடு போனில் பேசினார். தோற்றதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "சனிக்கிழமை வந்துரு, கருவாடு வாங்கி வச்சிருக்கேன்" என்று மட்டும் சொன்னார்.

சனிக்கிழமை கொட்டகலை ஸ்டேசனில் சுகந்தி இறங்கினாள். தாயைக் கட்டிக்கொண்டு அழுது முடித்துவிட்டு என்னிடம் வந்தாள். கைப்பை நிறைய என் கையெழுத்து.

"நான் தோத்துட்டேன்னு தெரிஞ்சும் எல்லாரும் வாராவாரம் ஓட்டுப் போட்டீங்களே சேர்! அதைப் பார்த்த பொறகுதான் ஊருக்கு வரலாம்னு மனசு வந்துச்சு."

நான் பாண்காரரைப் பார்த்தேன். அவர் சைக்கிள் டயரை மிகக் கவனமாக அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சுகந்தி இன்று சங்கீத டீச்சர். தோற்ற பிறகும் தனக்கு ஓட்டுப் போட்ட ஊர் இது என்று பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அப்படியில்லை என்று எங்களில் ஒருவரும் வாய் திறந்ததில்லை.

பாண்காரர் போய்ச் சேர்ந்து பல வருஷமாகிவிட்டது. இப்போது கெட்ட செய்திகள் நேராகப் போனிலேயே வந்துவிடுகின்றன. ஒவ்வொரு தடவையும், இதை அந்த மனிதர் வாயால் கேட்டிருக்கக் கூடாதா என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.