தொண்ணூற்றொன்பது மாடி வீடு

ஒரு குடிமகன் தன் வீட்டோடு ஓர் அறையைச் சேர்த்துக் கட்ட விரும்பினால் அது அரசாங்கத்துக்குத் தெரிந்தாக வேண்டும். தெரியாமல் கட்டினால் அது அறை அல்ல, அத்துமீறல். இந்த நியாயத்தை நன்றாக உணர்ந்தவர் எங்கள் பக்கத்து வீட்டு மாணிக்கராஜ். ஆகவேதான் ஒரு மூட்டை சிமெண்ட் வாங்கும் முன்பே, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கோலாருக்குப் பஸ் ஏறினார்.

அவசரமும் இருந்தது. தங்கச் சுரங்கம் ஓடிய காலத்தில் அவர் அண்டர்கிரவுண்டில் வேலை பார்த்தவர். சுரங்கத்தை மூடியபோது மிஞ்சியது இந்த லைன் வீடுதான். தோளோடு தோள் ஒட்டி வரிசையாக நிற்கும் வீடுகளை நாங்கள் லைன் என்போம். ஒரு ஹால், ஓர் அடுப்படி, முன்னால் கொஞ்சம் காலி இடம். மகன் நோயலுக்குக் கல்யாணம் ஆனதும் ஹால் புதுமணத் தம்பதிக்கு, அடுப்படி பெரியவர்களுக்கு என்று ஏற்பாடு. நடுவில் ஒரு திரைச்சீலை. மாணிக்கராஜின் மனைவி லூயிசா தும்மலைக்கூட அடக்கிக்கொண்டாள். மாணிக்கராஜின் இருமலை அடக்க முடியாது, அது சுரங்கத்தில் வாங்கியது. மருமகள் ஆனி இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஆண்டர்சன்பேட்டையில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். சண்டை ஒன்றும் இல்லை.

"உள்பக்கம் தாப்பா போடுற மாதிரி ஒரு ரூம் கட்டுங்க மாமா. அன்னிக்கே வந்துர்றேன்" என்றாள்.

அவள் அம்மா ரெபேக்கா கூடவே ஒன்று சேர்த்தாள். "ரூமோட ஒரு கார் ஷெட்டும் போட்ருங்க சம்பந்தி."

"எங்க கிட்ட காரே இல்லீங்களே."

"கார் இன்னாத்துக்கு? ஷெட் இருந்தா போதும். இப்ப எல்லாரும் கட்றாங்க."

உண்மைதான். ஆண்டர்சன்பேட்டையில் அது பரவிக்கொண்டிருந்தது. ஒருவர் தன் சைக்கிளை ரோலிங் ஷட்டருக்குள் பூட்டி வைத்திருக்கிறார். காலையில் அந்த ஷட்டர் கடகடவென்று மேலே போகும்போது தெருவில் அவருக்கு ஒரு மரியாதை.

கோலாரில் 'கூடுதல் கட்டட இசைவுப் பிரிவு' என்று ஓர் அலுவலகம். அதன் அதிகாரி மஞ்சுநாத், கணினி கேட்பதை அப்படியே மனிதரிடம் கேட்டு, மனிதர் சொல்வதை அப்படியே கணினியிடம் சொல்லும் உத்தமர். இடையில் தன் புத்தியைக் கலக்க மாட்டார்.

"தரைக்குக் கீழே எத்தனை ஃப்ளோர் சுவாமி?" என்று கேட்டார்.

வேறு ஊர்க்காரனாக இருந்தால் 'இல்லை' என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பான். எங்கள் ஊர்க்காரனிடம் தரைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று கேட்டால் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவான்.

"தொண்ணூத்தெட்டு லெவல் சார்" என்றார் மாணிக்கராஜ் பெருமையாக. "அதுக்குக் கீழயும் கீது. நான் போனது அதுவரைக்கும்தான்."

மஞ்சுநாத் தட்டினார். கணினி கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு, தரையையும் ஒரு மாடியாகச் சேர்த்து, மேற்படி மாணிக்கராஜ் தொண்ணூற்றொன்பது மாடிக் கட்டடத்தின் சொந்தக்காரர் என்று அறிவித்தது. மஞ்சுநாத் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார்.

"சார், உக்காருங்க. நீங்க இவ்ளோ பெரிய பில்டிங் வெச்சிக்கிட்டு ஒரு ரூமுக்கா வந்தீங்க?"

"சார், வீடு ஒரு ஹாலும் அடுப்படியும்தான்."

"அது மேல் மாடி. லிஃப்ட் இருக்கா?"

"கேஜ் இருந்துச்சு சார். ஆளுங்களை இறக்குற இரும்புக் கூண்டு. கம்பெனியை மூடினப்ப அதையும் நிறுத்திட்டாங்க."

"லிஃப்ட் ஓடல." தட்டினார். "தீ பிடிச்சா தொண்ணூத்தெட்டாவது மாடியிலிருந்து வெளியே வர படிக்கட்டு?"

"அங்க தீ எப்படி சார் பிடிக்கும்? பம்பை நிறுத்தினதிலிருந்து தண்ணிதான் ரொம்பி நிக்குது."

மஞ்சுநாத்தின் முகம் வாடிவிட்டது. "தண்ணியா? அப்போ நீச்சல் குளம். அதுக்குத் தனி இசைவு. நீச்சல் தெரிஞ்ச காவலாளி வேணும். அப்புறம் மாடிக்கு ஒரு கார் வீதம் தொண்ணூத்தொன்பது கார் நிறுத்த இடம் காட்டணும். நீங்க கேக்கிறது ஒரு கார் ஷெட். ஆகல்லா சுவாமி, முடியாது."

மாணிக்கராஜ் கனத்த மனதோடு திரும்பினார். எங்கள் லைனோ குதூகலித்தது. நாங்கள் இத்தனை காலமும் பெங்களூருக்குப் போய் உயர்ந்த கட்டடங்களை அண்ணாந்து பார்த்தவர்கள். நம் பக்கத்து வீடே தொண்ணூற்றொன்பது மாடி என்றால் யாருக்குத்தான் பூரிப்பு வராது? லைனின் கடைசி வீட்டு டென்சில் தன் வீட்டுக்கு நூற்றிரண்டு மாடி என்று சாதித்தார். அவர் நூற்றொன்றாவது லெவலில் வேலை பார்த்தவராம். எங்களில் பலர் அவரவர் மாடிக் கணக்கைச் சொல்லிக்கொண்டு திரிந்தோம். நோயல் ஒருவன்தான் சிரிக்கவில்லை. விடியும் முன் மாரிகுப்பத்தில் ரயில் ஏறி பெங்களூர் போவான், இருட்டிய பிறகு வந்து, திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் தனியாகப் படுப்பான். அவன் முகத்தைப் பார்த்த லூயிசா கணவரிடம் சொல்லிவிட்டாள்.

"உங்க லெவலு, கேஜு எல்லாம் இருக்கட்டும். எனக்கு மருமக வேணும். போயி வழி கேட்டுக்கினு வாங்க."

மாணிக்கராஜ் மறுபடியும் போனார். மஞ்சுநாத் கெட்டவர் அல்ல. யோசித்து ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்.

"என் வீட்டுக்கு அடியில் ஒன்றும் இல்லைன்னு நீங்களே உறுதிமொழி கொடுங்க. உடனே இசைவு."

"சார், ஒண்ணும் இல்லைன்னா நான் இருபது வருஷம் எங்க போயிட்டு வந்தேன்?"

"அது உங்க சொந்த விஷயம். அதுல இலாகா தலையிடாது."

பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு மாணிக்கராஜ் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாராம். கீழே அவரோடு ஷிஃப்ட் போனவர்களில் மேலே வராதவர்களும் உண்டு. பாறை வெடித்துச் சரிந்த நாளில் அவரைத் தள்ளிவிட்டுத் தான் மாட்டிக்கொண்ட ஒருவரும் உண்டு. அத்தனை பேரையும் ஒரு கையெழுத்தில் இல்லாமல் ஆக்குவது அவருக்கு வலித்தது. ஆனாலும் ஆனி தாழ்ப்பாள் கேட்டிருக்கிறாள். கையெழுத்துப் போட்டார். மஞ்சுநாத் சீல் வைத்து, கை குலுக்கினார்.

வழி தெரிந்த பிறகு நாங்கள் சும்மா இருப்போமா? ரெபேக்கா சொன்ன கார் ஷெட் நாகரிகம் எங்கள் லைனுக்கும் வந்து சேர்ந்தது. லைன் மொத்தமும் கோலாருக்குப் போய், எங்களுக்குக் கீழேயும் ஒன்றும் இல்லை என்று கையெழுத்துப் போட்டது. நூற்றிரண்டு மாடிக்காரர் டென்சில்தான் முதல் ஆள். மாணிக்கராஜ் அறைக்கு அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருக்கும்போதே அவசரக்காரர்கள் ஷெட்டை முடித்துவிட்டார்கள். எதிர் வீட்டு ராதிகாவின் ஷெட்டில் கோழிகள் அடைந்தன. டென்சிலின் ஷெட்டில் ஒரு நாற்காலி, அதில் டென்சில். கார் ஒருவரிடமும் இல்லை.

மாணிக்கராஜ் வீட்டு வேலையும் முடிந்தது. அறைக்கு நல்ல பித்தளைத் தாழ்ப்பாள். பக்கத்தில் ஷெட். ஒரு வாரம் விடாமல் மழை பெய்து ஓய்ந்திருந்தது. நிறைவுச் சான்றிதழ் தருவதற்காக மஞ்சுநாத் புத்தம் புதிய வெள்ளைக் காரில் வந்து இறங்கினார். ஷெட்டைப் பார்த்தார். திருப்தி இல்லை.

"கார் இல்லாம கார் ஷெட்டை எப்படி போட்டோ எடுக்கிறது? மேலதிகாரி சமையல் ரூம்னு நினைப்பார்."

"கார் இல்லீங்க சார்."

"பரவால்லா. நான் உதவி பண்றேன்" என்று பெருந்தன்மையோடு தன் காரையே உள்ளே ஓட்டி நிறுத்தினார். இறங்கி வந்து, செல்போனைத் தூக்கிப் பிடித்து, ஒரு படம் எடுத்தார். இரண்டாவது படத்துக்குக் குறி பார்க்கும்போது தரை மெதுவாக வாய் திறந்தது. பெரிய சத்தம்கூட இல்லை. கார் பின்பக்கமாக உட்கார்ந்தது, பிறகு முன்பக்கமாக உட்கார்ந்தது, பிறகு காணவில்லை. மண் சரியும் ஓசை கொஞ்ச நேரம் கேட்டது. கடைசியில் எங்கேயோ ஆழத்தில் தண்ணீர் 'தொபுக்' என்றது.

மஞ்சுநாத் பள்ளத்தின் விளிம்பில் நின்று அலறினார். "கீழே இன்னா இருக்கு சுவாமி?"

"ஒண்ணும் இல்லீங்க சார்" என்றார் மாணிக்கராஜ் பணிவாக. "நான் கையெழுத்துப் போட்டேன். நீங்க சீல் வெச்சீங்க."

"அப்போ என் கார் எங்கய்யா போச்சு?"

"நான் இருபது வருஷம் போயிட்டு வந்த எடத்துக்குத்தான் சார்."

"மேலே எடுக்கணுமே!"

"கேஜ் வேணும் சார். லிஃப்ட் ஓடலன்னு நீங்களே தட்டினீங்க."

மஞ்சுநாத் எங்கள் வாசலில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார். அவருடைய இக்கட்டு எங்களுக்கும் புரிந்தது. கார் விழுந்தது என்று எழுதினால் கீழே ஏதோ இருக்கிறது என்று ஆகும். இருக்கிறது என்றால், எங்கள் லைனில் அவர் வைத்த அத்தனை சீலும் பொய். ஆகவே அவர் வழக்கம் போல நேர்மையாக முடிவெடுத்தார். 'மேற்படி ஷெட்டில் மேற்படி வாகனம் நிறுத்தப்பட்டிருப்பதை நேரில் கண்டேன்' என்று எழுதி, முதல் படத்தை இணைத்து, சான்றிதழைக் கொடுத்துவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தே போனார்.

சாயங்காலமே ஆனி பெட்டியோடு வந்துவிட்டாள். லூயிசாவுக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது. ஆனி புது அறைக்குள் போய்த் தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தாள், திறந்து பார்த்தாள், முகமெல்லாம் மலர்ச்சி. அப்புறம் ஜன்னல் வழியாகப் பக்கத்து ஷெட்டின் பள்ளம் கண்ணில் பட்டது.

"மாமா, இந்த ரூமுக்குக் கீழ?"

மாணிக்கராஜ் சான்றிதழைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "அதான் எழுதிக் குடுத்துட்டனேம்மா. ஒண்ணும் இல்லை" என்று சொல்லிவிட்டு, இருமல் வராமல் வாயைப் பொத்திக்கொண்டார்.

ஆனி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, நுனிக்காலில் கட்டில் வரைக்கும் போனாள். அன்றைக்கே ராதிகா கோழிகளை அடுப்படிக்கு மாற்றிவிட்டாள். டென்சில் நாற்காலியைத் தெருவில் போட்டுக்கொண்டார். மனு கொடுக்கலாமே என்று ஒருவர் தொடங்கினார். அவரும் கையெழுத்துப் போட்டவர்தான் என்பது நினைவு வந்ததும் நிறுத்திக்கொண்டார்.

எங்கள் லைனில் இப்போது யாரும் அதிர்ந்து நடப்பதில்லை.