நாற்பது அம்மாக்களின் மதியம்

முப்பத்தெட்டுப் பேர் ஒரே பதிலைச் சொன்னால் அது பதிலே இல்லை. யாரோ சொல்லிக்கொடுத்த பாடம்.

அவள் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. படிவங்களை மறுபடியும் புரட்டினாள். 'மதியம் குழந்தையைக் காப்பகத்தில் விட்ட பிறகு என்ன செய்கிறீர்கள்?' கேள்வி அவ்வளவுதான். நாற்பது அம்மாக்களில் முப்பத்தெட்டுப் பேர் 'தூங்குகிறேன்' என்றிருந்தார்கள்.

"மீதி ரெண்டு பேர்?" என்று கேட்டாள்.

"கதவைத் தட்டினேன் மேடம். எழுந்திருக்கவே இல்ல" என்றார் களப்பணியாளர். தொண்டு நிறுவனத்துக்கு வருமுன் இன்ஷூரன்ஸ் விற்றவர் அவர். எந்தக் கதவு திறந்தாலும் முகம் தானாகவே சோகமாகிவிடும்.

"உண்மையைச் சொல்லுங்க. டீக்கடையில உட்கார்ந்து நீங்களே எழுதிட்டீங்களா?"

"என்ன மேடம் இப்படிக் கேட்டுட்டீங்க? நானே எழுதியிருந்தா இன்னும் நல்லா எழுதியிருக்க மாட்டேனா?"

அதில் நியாயம் இருந்தது. ஆனாலும் அவளுக்கு மனம் ஆறவில்லை.

ஒன்றரை மணியிலிருந்து மூன்று மணிவரை குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் அந்தக் காப்பகம் அவள் ஆரம்பித்தது. ஒன்பது வருடமாயிற்று. பழைய நிதி அடுத்த மாதத்தோடு நிற்கிறது. புதிதாக ஓர் அறக்கட்டளை விசாரித்திருந்தது. அம்மாக்களிடம் இந்த ஒரு கேள்வியைக் கேட்டு வையுங்கள், மூன்று வாரத்தில் எங்கள் அதிகாரி வருவார் என்று கடிதம். அவருக்குத் திருப்தி இல்லையென்றால் காப்பகத்துக்குப் பூட்டுதான்.

"தூங்குறாங்கன்னு காட்டினா யாரு நிதி கொடுப்பா?" என்றார் இயக்குநர். "நீங்க படிச்சவங்க. பார்த்துச் செய்யுங்க."

அவள் படித்தது சமூகவியல். முதுகலை இரண்டாம் ஆண்டில், ஆய்வுமுறை வகுப்பில், நோட்டில் ஒரு வரியை எழுதி இரண்டு முறை அடிக்கோடிட்டாள்: கேட்பவருக்கு எது பிடிக்குமோ அதையே மக்கள் சொல்வார்கள். இருபத்திரண்டு வருடமாக அந்த வரிதான் அவளுக்குச் சோறு போடுகிறது. வீட்டுக்குள்ளும் அது கூடவே வந்து உட்கார்ந்துகொண்டது. கணவர் "ஒண்ணும் யோசிக்கலம்மா, சும்மா உட்கார்ந்திருக்கேன்" என்றால் நம்பமாட்டாள். வெளியூரில் படிக்கும் மகள் "சாப்பிட்டேன்மா" என்றால், அறைத்தோழியைக் கூப்பிட்டுச் சரிபார்ப்பாள்.

கேள்வியைத் திருத்தினாள். 'தூங்குவதைத் தவிர வேறு என்ன செய்கிறீர்கள்?'

'எழுந்திருக்கிறேன்' என்று முப்பது பேர். ஒருத்தி மட்டும் 'கனவு காண்கிறேன்' என்றிருந்தாள். அதைப் படித்ததும் இவளுக்கு உயிர் வந்தது. 'எதிர்கால லட்சியங்கள்' என்று தலைப்புப் போட்டுவிட்டுக் களப்பணியாளரைக் கூப்பிட்டாள்.

"என்ன கனவுன்னு கேட்டீங்களா?"

"கேட்டேன் மேடம். தூங்குற மாதிரிக் கனவாம்."

இனி யாரையும் நம்பிப் பயனில்லை என்று தானே கிளம்பினாள். மதியம் இரண்டு மணி. இரட்டைக் குழந்தைகளின் அம்மா, கன்னத்தில் தலையணைத் தடத்தோடு கதவைத் திறந்தாள்.

"எழுப்பிட்டேனா?"

"ஐயோ, இல்ல மேடம். சும்மாதான் படுத்திருந்தேன்."

'தூங்கவில்லை' என்று குறித்துக்கொண்டாள். "சரி, இந்த நேரத்துல தூங்காம இருந்தா என்ன செய்வீங்க?"

அந்தப் பெண் நெற்றியைச் சுருக்கி நேர்மையாக யோசித்தாள். "தூக்கம் வரும் மேடம்."

அடுத்தது குழுக் கலந்துரையாடல். காப்பகத்துக்குப் பக்கத்து அறையில், அதே மதிய வேளையில் நாற்பது பேரையும் உட்காரவைத்து, சுவரில் பெரிய தாளை ஒட்டினாள். "தயங்காம சொல்லுங்க. இதுல தப்பு, சரின்னு எதுவும் கிடையாது."

"தூங்குவோம்" என்றாள் ஒருத்தி. அவள் அதைத் தாளின் ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதிக்கொண்டாள். "தூங்குவோம்" என்றாள் இன்னொருத்தி. "அதான் எழுதியாச்சே, வேற?" யாரோ கொட்டாவியை அடக்கிக்கொண்டு, "ஒரு நாள் தலையணை உறை கிழிஞ்சிருந்தது. தச்சேன்" என்றாள். "அருமை!" என்று அவள் பச்சைப் பேனாவை எடுத்து, தாளின் நட்டநடுவில், கொட்டை எழுத்தில் எழுதினாள்: சுயதொழில்.

நாற்பது ஜோடிக் கண்கள் அந்தத் தாளையே பார்த்தன.

நான்கு நாள் கழித்து வந்த படிவங்களைப் பார்த்து அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. நாற்பது பேர், நாற்பது பதில். ஒருத்தி கணினி கற்கிறாள். ஒருத்தி அக்கம்பக்கத்துப் பெண்களை ஒன்றுதிரட்டுகிறாள். இரட்டையரின் அம்மா கவிதை எழுதுகிறாளாம்.

"ஒரு அம்மா என்கிட்ட தலைமைப் பண்பு பத்திப் பத்து நிமிஷம் பேசினாங்க மேடம்" என்றார் களப்பணியாளர். "மூச்சு விடாம."

"பார்த்தீங்களா? கேக்குற விதத்துல கேட்டா வரும். நம்பறீங்க இல்ல?"

"நான் இன்ஷூரன்ஸ் வித்தவன் மேடம்" என்றார் அவர், சோகமாக.

அவள் நம்பினாள். கட்டிய கணவனின் ஒரு வரியை நம்பாதவள், நாற்பது பேரின் நாற்பது கதைகளையும் நம்பினாள். அவை அவளுடைய பாடப்புத்தகத்தின் நடையிலேயே இருந்தன.

அன்று மாலை மகள் பேசினாள். "எப்படிடீ இருக்க?" என்றதும் மடைதிறந்தாற்போல் வந்தது: காலையில் நடைப்பயிற்சி, நூலகத்தில் இரண்டு மணி நேரம், புதிதாக மூன்று தோழிகள், காய்கறி நிறையச் சாப்பிடுகிறாள். கேட்கக் கேட்க இனித்தது. போனை வைத்த பிறகு எங்கோ முள்ளாய்த் தைத்தது. இந்தப் பெண் "முடியலம்மா, அசதியா இருக்கு" என்று கடைசியாக எப்போது சொன்னாள்? யோசித்துப் பார்த்தாள். நினைவுக்கு வரவில்லை. அறிக்கை எழுதும் வேலை இருந்ததால் எழுந்துபோய்விட்டாள்.

அறக்கட்டளை அதிகாரி சொன்ன நாளில் வந்தார். ஓய்வு பெறும் வயது. பையை மடியில் வைத்துக்கொண்டு, நாற்பது படிவங்களையும் ஒன்றுவிடாமல் படித்தார். சுவர்க்கடிகாரம் இரண்டடித்தது. இயக்குநர் மாப்பிள்ளைத் தோரணையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"பிரமாதம்" என்றார் அதிகாரி. "இவ்வளவு சுறுசுறுப்பான அம்மாக்களை நான் எங்கயும் பார்த்ததில்ல."

"எல்லாம் எங்க மேடத்தோட ஆய்வுதான் சார்."

"அதான் சங்கடமா இருக்கு." அதிகாரி படிவங்களைத் தட்டி ஒழுங்குபடுத்தினார். "எங்க அறக்கட்டளை ஆறு பிள்ளை பெத்த ஒரு அம்மா எழுதிவச்ச சொத்து. உயில்ல ஒரே ஒரு நிபந்தனை. பெத்தவங்க மதியம் கொஞ்சம் கண் அசர்றதுக்கு மட்டும்தான் செலவு பண்ணணும். இங்க யாருக்கும் தூக்கமே தேவைப்படலையே. வேற இடம்தான் பார்க்கணும்."

இயக்குநரின் குரல் கீச்சிட்டது. "இதை முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்!"

"சொன்னா எல்லாரும் தூங்குறேன்னுதானே சொல்வாங்க? நானும் சமூகவியல் படிச்சவன்தான் சார்."

அவளுக்கு இப்போதுதான் உறைத்தது. முதலில் வந்த அந்த முப்பத்தெட்டு. யாரும் சொல்லிக்கொடுக்காத, யாருக்கும் பிடிக்கவேண்டும் என்று சொல்லாத முப்பத்தெட்டு.

இயக்குநர் அவள் பக்கம் குனிந்தார். "மேடம், ஓடுங்க. நாலு பேரையாவது இப்பவே கையோட கூட்டிட்டு வாங்க. தூங்குறோம்னு அவங்க வாயாலேயே சொல்லட்டும்."

அவள் எழுந்தாள். காப்பக ஆயா தண்ணீர்த் தட்டோடு வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"இன்னைக்கு வேணாம் மேடம். அந்த அம்மாங்க கண்ணை மூடிப் பத்து நாளாச்சு. தூங்குறோம்னு சொன்னா காப்பகத்தை மூடிடுவீங்களோன்னு பயம். தினம் மதியம் அந்த இரட்டைப் பிள்ளைங்க வீட்டுல கூடி, ஆபீசர் வந்து கேட்டா யார் என்ன சொல்றதுன்னு மனப்பாடம் பண்ணிட்டிருந்தாங்க. நேத்தோட முடிஞ்சுது. இப்பதான் படுத்திருக்காங்க."

அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"மேடம், போங்க" என்றார் இயக்குநர்.

அவள் திரும்பிவந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். தெருவைத் தாண்டியும் யாரும் விழித்துவிடக் கூடாது என்பதுபோல் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"மாட்டேன் சார். தூங்கட்டும்."