சிக்னல் மேட்டுச் சித்தர்

என் மனைவி மகாதேவி கடைசியாகச் சொன்னது பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. "கார்டச் சுரண்டுனா நம்பர எவனுக்கும் காட்டாதீங்க" என்றாள். கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நான் "சரி, சரி" என்றேன். பத்து மணிக்குப் பூண்டு வயலில் சரிந்தவள் எழுந்திருக்கவில்லை.

அவள் ஓயாமல் அதைச் சொன்னதற்குக் காரணம், இரண்டாயிரத்து எட்டில் எங்கள் பூம்பாறைக்கு வந்த சிக்னல் சித்தர்.

அப்போது எங்கள் ஊரில் ரீசார்ஜ் எண்தான் பணம். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் ஆண்கள் கார்டு வாங்கிச் சுரண்டி, பதினாறு இலக்க எண்ணைப் போனிலேயே வீட்டுக்குச் சொல்லிவிடுவார்கள். பெண்கள் சிக்னல் மேட்டில் நின்று கேட்டு, அதைச் சீட்டில் எழுதி என் கடைக்குக் கொண்டுவந்தால், கமிஷன் போக ரொக்கம் கொடுப்பேன்.

சித்தர் வந்து, செல்போன் டவர் எட்டும் ஒரே இடமான அந்த மேட்டில் கூடாரம் போட்டார். "இங்கதான் சக்தி எறங்குது" என்றார். வாஸ்தவம். ஊரில் வேறெங்கும் ஒரு கோடுகூட இறங்காது.

சீட்டை மடித்துக் கொடுக்க வேண்டும். சித்தர் பிரிக்கவே மாட்டார். திரைக்குப் பின்னால் அப்படியே தீயில் போடுவார். மூன்றாம் நாள் இரட்டிப்புத் தொகைக்குப் புது எண் வரும். முதலில் பழனிச்சாமிக்கு ஐம்பது நூறானது. மறுநாள் மேட்டில் கால் வைக்க இடமில்லை.

ஒரே நிபந்தனை: மூன்று நாள் பூண்டைத் தொடக் கூடாது. அறுவடை மாதம், ஊரே பூண்டு விளைவிக்கும் பூம்பாறையில்! எண் வராதவர்கள் தங்கள் விரலைத் தாங்களே மோந்து பார்த்துவிட்டுத் தலைகுனிந்து திரும்பினார்கள். நானும் மோந்து பார்த்தேன். நான் பத்தாம் வகுப்பு பாஸ்.

ஒருநாள் நிறைமாத சிவபாக்கியம் மேடேறினாள். கையில் ஐந்நூறு ரூபாய்ச் சீட்டு. வலி வந்தால் கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்கு ஜீப் வாடகை அதுதான். வேறு காசு இல்லை.

மகாதேவி மறித்தாள். "ஏத்தா, வயித்தத் தூக்கிக்கிட்டு எங்க இம்புட்டு வெரசா?"

"ஆயிரமாக்கத்தான் மதினி. பூண்டத் தொட்டு நாலு நாளாச்சு."

மகாதேவி சீட்டை வாங்கி வேறொரு தாளில் எழுதினாள். கடைசி இலக்கமான ஆறை மட்டும் எட்டாக்கினாள். அசலை மடியில் செருகிக்கொண்டாள். "பிரிக்காமத்தான எரிக்கிறாரு? ஆறா இருந்தா என்ன, எட்டா இருந்தா என்ன? இதக் குடு."

சித்தர் திரைக்குள் போனார். கூட்டம் அரோகரா போட்டது. கால் மணி நேரம் கழித்து முகம் கடுகடுக்க வெளியே வந்தார்.

"ஏம்மா, நம்பரு தப்பா கெடக்கு. ஒழுங்கா எழுதிட்டு வா!"

அரோகரா பாதியில் நின்றது. கூட்டத்தில் உட்கார்ந்திருந்த மகாதேவி எழுந்தாள்.

"பிரிக்காம எரிச்ச சீட்டு. தப்புன்னு யாரு சாமி சொன்னது?"

"முருகன் சொன்னான்!"

"முருகன் எந்தக் கம்பெனி சிம்மு வச்சிருக்காரு?"

முன்வரிசையில் நின்ற ராக்காயி எட்டித் திரையை இழுத்தாள். உள்ளே தீ இல்லை. பிரித்த சீட்டுகள் குவியலாகக் கிடந்தன. நாலு செல்போன். ஒன்றில் ஒரு பெண்குரல், "நீங்கள் பதிவு செய்த எண் தவறானது" என்று அலுக்காமல் சொல்லிக்கொண்டிருந்தது. பக்கத்தில் சித்தரின் மதியச் சாப்பாடு. தொட்டுக்கொள்ளப் பூண்டு ஊறுகாய்.

சித்தர் சரிவில் இறங்கி ஓடினார். அந்தப் பக்கம் சிக்னல் கிடையாது.

நாலாம் நாள் சிவபாக்கியம் ஜீப்பில் போனாள். பெண் குழந்தை.

இப்போது மேட்டில் டவரே வந்துவிட்டது. அதற்கும் சிலர் கற்பூரம் காட்டுகிறார்கள். காட்டுங்கள். அந்த வெளிச்சத்திலேயே திரைக்குப் பின்னால் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிடுங்கள்.

அந்தக் குவியலில் கிடைத்த, மகாதேவி எழுதிய சீட்டு என் கல்லாப்பெட்டியில் இருக்கிறது. கடைசி எண் இன்னும் எட்டுதான்.