டோக்கன் நம்பர் நாற்பத்து மூன்று, கவுண்டர் ஆறு

அன்புள்ள அண்ணனுக்கு,

இந்த நேரத்தில் எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள். மணி ஒன்று ஆகப் போகிறது. குட்டி இப்போதுதான் தூங்கினாள், அவள் அப்பாவும் தூங்கிவிட்டார். நீயும் அண்ணியும் பிள்ளைகளும் நல்ல சுகத்துடன் இருக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். சுகமாக இருந்தால்தான் நான் திட்டப்போவது முழுதாக உன் காதில் ஏறும்.

போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போன செவ்வாய்க்கிழமை நான் உன்னைக் கூப்பிட்டு, "பரவாயில்ல அண்ணா, விசா கிடைக்கலைன்னா என்ன, நீ ஒண்ணும் மனசுல வெச்சுக்காதே" என்று சொன்னதாக அண்ணியிடம் நிம்மதியாகச் சொல்லியிருக்கிறாய். நான் சொல்லவில்லை. அந்தப் "பரவாயில்ல" என் வாயில் வந்து எத்தனையோ வருஷம் ஆகிறது. பேசியது உன் மாப்பிள்ளை, என் வீட்டுக்காரர். நம் சண்டையைத் தீர்ப்பதற்காக என் குரலிலேயே உன்னிடம் சமாதானம் பேசியிருக்கிறார், நடுநடுவே நான் மூக்கு உறிஞ்சுவதைக்கூட விடாமல். நீயும் கூடப்பிறந்தவள் குரல் தெரியாமல் "என் தங்கம்" என்று உருகியிருக்கிறாய். அதனால்தான் பேனாவை எடுத்தேன். ஊரில் இருக்கிற குரல் எல்லாம் அவருக்கு வரும், என் கையெழுத்து வராது. எழுதி முடித்ததும் படம் பிடித்து அனுப்புகிறேன். இது நான்தான்.

முதலிலிருந்து வருகிறேன். அங்கே உங்கள் தமிழ்ச் சங்க விழாவுக்கு இவர் வந்து பலகுரல் நிகழ்ச்சி நடத்த வேண்டும், எட்டு ஊர், எட்டு மேடை என்று நீதான் கூப்பிட்டாய். ஏழு வருஷமாகக் கூரியர் ஆபீசில் பார்சலுக்கு முத்திரை குத்தி, ஞாயிற்றுக்கிழமைகளில் யார் வீட்டு விசேஷத்திலோ சாப்பாட்டுப் பந்திக்கு முன்னால் பதினைந்து நிமிஷம் பேசி, பாதியில் "இலை போட்டாச்சு" என்றதும் மைக்கைக் கீழே வைத்துவிட்டு வருகிற மனிதர். முதல் தடவையாக அவர் பெயரைச் சொல்லி ஒருவர் கூப்பிட்டதும் மூன்று நாள் தூங்கவில்லை. விண்ணப்பத்தை வரி விடாமல் படித்தவள் நான். பி.காம். படித்திருக்கிறேன், அந்த இங்கிலீஷ் எனக்குப் புரியும். சுற்றிப்பார்க்க வருகிறவர்களுக்கான விசாவில் மேடையேறக் கூடாது, கலைஞர்களுக்கென்று தனியாக வழி இருக்கிறது என்று உனக்குச் சொன்னேன். நீ என்ன சொன்னாய்? "நீ படிச்சுக் கிழிச்சது போதும். விசிட்டர்னு போடு. மச்சானைப் பாக்க வர்றேன்னு சொல்லச் சொல்லு. மேடையில ஏறினப்புறம் எவன் பாக்கப் போறான்?" எவன் பார்க்கப் போகிறானா? ஐந்நூறு பேர் பார்க்கப் போகிறார்கள் அண்ணா, அதற்குத்தானே மண்டபம் பிடித்தாய்.

சரி, அப்படியே எழுதிக்கொடுத்து விசா ஆபீசுக்குப் போனோம். குட்டியை விட ஆள் இல்லை, தூக்கிக்கொண்டு போனோம். எங்கள் டோக்கன் எழுபத்தொன்று. இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். தண்ணீர் பாட்டிலை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள், பிஸ்கட் பொட்டலத்தையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். குட்டி ஆரம்பித்தாள். அவள் அழுதால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும், போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தவன்தானே நீ. வீட்டில் என்றால் அவள் அப்பா குக்கர் விசில் அடிப்பார், லிஃப்ட் கதவு மூடுகிற சத்தம் கொடுப்பார், உடனே அடங்கிவிடுவாள். அன்றைக்கு இவர் இரண்டு மணி நேரமாக எதைக் கேட்டுக்கொண்டிருந்தாரோ அது வந்துவிட்டது. உதடுகூட அசையவில்லை. முதலில் அந்த மணி, "டிங் டாங்." பிறகு அந்தப் பெண் குரல், "டோக்கன் நம்பர் நாற்பத்து மூன்று, கவுண்டர் ஆறு." குட்டி கப்பென்று நிறுத்தினாள். கை தட்டி, "இன்னும்" என்றாள். பெற்ற மகள் கேட்டால் இவர் விடுவாரா? இன்னும் எட்டு நம்பர் கூப்பிட்டார்.

நாற்பத்து மூன்றாம் டோக்கன்காரர் ஒரு பெரியவர். ஒரு மணி நேரம் முன்பே ஆறாம் கவுண்டரில் "இல்லை" என்று சொல்லி அனுப்பப்பட்டவர், வாசலில் நின்று மகனோடு போனில் புலம்பிக்கொண்டிருந்தார். மனம் மாறிக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து, "டேய், கெடச்சிருச்சுடா" என்று கத்திக்கொண்டே ஓடி வந்தார். அவருக்குப் பின்னால் மற்ற நம்பர்காரர்கள். ஒரு கவுண்டர் முன்னால் ஐந்து பேர், ஆளில்லாத இன்னொரு கவுண்டர் முன்னால் ஒரு புதுமண ஜோடி. நிஜமான அறிவிப்பு வந்தபோது அதை ஒருவரும் நம்பவில்லை. காவலாளி நேராக என் முன்னால் வந்து நின்றார். "ஏம்மா, படிச்ச பொண்ணு மாதிரி இருக்க, இது என்ன விளையாட்டு?" என்றார். நான் வாயையே திறக்கவில்லை என்றேன். "பாத்தியா, அதே குரல்" என்று பக்கத்து ஆளிடம் சாட்சி கேட்டார். பாவம், உன் மாப்பிள்ளைதான் பள்ளிக்கூடப் பையன் மாதிரி கையைத் தூக்கினார். "நான்தாங்க."

அதற்கப்புறம் எழுபத்தொன்று வரைக்கும் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. அப்போதே உள்ளே கூப்பிட்டார்கள். அதிகாரி, "என்ன தொழில்?" என்று கேட்டார். "கூரியர் ஆபீசுங்க." "வேற?" "வேற ஒண்ணும் இல்லீங்க." அதிகாரி கம்ப்யூட்டரை எங்கள் பக்கம் திருப்பினார். நீ ஊருக்கெல்லாம் அனுப்பிய போஸ்டர் அண்ணா. 'முதன்முறையாக நம் மேடையில் நூறு குரல் மன்னன்.' கீழே நுழைவுச்சீட்டுக்கு உன் நம்பர். "நடுவுல பெருசா இருக்கிறது யாரு?" "என் மச்சான்." "ஓரத்துல?" "நான்." அவ்வளவுதான், முடிந்தது. வரும் காரணத்தை மறைத்தார் என்று எழுதி மறுத்துவிட்டார்கள். போதாததற்கு முத்திரை குத்திய எச்சரிக்கைக் கடிதம் ஒன்று. அதை ஒரு தடவைதான் படித்தேன். அலமாரியில் துணிக்கு அடியில் வைத்துப் பூட்டிவிட்டேன், வீட்டுக்கு வருகிறவர்கள் கண்ணில் படக் கூடாது.

பிறகு டிராவல்ஸ்காரரிடம் போய் உண்மையைச் சொன்னேன். குறுகிய காலக் கலைஞர் அனுமதி என்று ஒன்று இருக்கிறது, முன்பு மறுத்ததை மறைக்காமல் எழுதிப் பத்து நாளுக்குள் கொடுத்தால் விழாவுக்குள் கிடைக்கலாம் என்றார். இரண்டு காகிதம் வேண்டும். ஒன்று, இவர் கலைஞர்தான் என்பதற்கு ஆதாரம், அதாவது பத்திரிகைச் செய்தி, விருது, இல்லை அரசு அலுவலகம் ஏதாவது கொடுத்த கடிதம். எங்களிடம் இருப்பது மைக் முகத்தை மறைக்கிற ஒரு போட்டோவும், லீவு எடுக்காமல் வேலைக்கு வந்ததற்குக் கூரியர் ஆபீசில் கொடுத்த கேடயமும். இரண்டாவது, நாங்கள்தான் கூப்பிட்டோம், நிகழ்ச்சி முடிந்ததும் திரும்பிவிடுவார், அதற்கு நாங்கள் பொறுப்பு என்று சங்கச் செயலாளர் கையெழுத்துப் போட்ட கடிதம். செயலாளர் நீ. நீ என்ன சொன்னாய்? "கையெழுத்து மட்டும் கேக்காதே. நாளைக்கு ஏதாவதுன்னா என் தலை உருளும்." போஸ்டரில் பெரிதாகப் போட மட்டும் அந்தத் தலை வந்ததே அண்ணா, அப்போது உருளவில்லையா?

விசா மறுத்த நாளிலிருந்து இவர் வீட்டில் ஒரு குரலும் எடுப்பதில்லை. செவ்வாய்க்கிழமை உனக்காக எடுத்ததுதான் கடைசி. "அந்தப் பெரியவர் முகம் கண்ணுலயே நிக்குதும்மா, இனிமே வாயைத் தொறக்க மாட்டேன்" என்றார். நேற்று குட்டி அழுதாள், இவர் சும்மா உட்கார்ந்திருந்தார். அவள் இவர் மடியில் ஏறி, வாயை இரண்டு கையாலும் பிரித்து உள்ளே எட்டிப் பார்த்தாள். நான் சமையலறைக்குப் போய்விட்டேன்.

ஆகவே நீ இனி ஒன்றும் செய்ய வேண்டாம். இவர் வரப்போவதில்லை. கையெழுத்தும் வேண்டாம், மேடையும் வேண்டாம், அந்தப் போஸ்டரை எடுத்துவிடு. உன் தலையை நீயே பத்திரமாக வைத்துக்கொள்.

அண்ணிக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு அத்தையின் முத்தம். உனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை, நன்றாக இரு.

இப்படிக்கு,
உன் தங்கை (நிஜமானவள்)

பி.கு.: காலை பத்து மணி. அனுப்புவதற்கு முன், அவமானத்தை உனக்கு வார்த்தை விடாமல் காட்ட வேண்டும் என்று அந்த எச்சரிக்கைக் கடிதத்தை வெளியே எடுத்தேன். 'இவர் எழுப்பிய ஒலியை எங்கள் ஊழியர்களாலேயே உண்மையான அறிவிப்பிலிருந்து பிரித்தறிய முடியவில்லை. பணி நாற்பது நிமிடம் தடைப்பட்டது.' கீழே கையெழுத்து, அரசு முத்திரை. இரண்டு தடவை படித்தேன். டிராவல்ஸ்காரருக்குப் படம் அனுப்பினேன். உடனே கூப்பிட்டார், பேச முடியாமல் சிரித்தார். "இருபது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன்மா. விசா குடுக்கிறவனே குடுத்த சர்டிபிகேட்டை இப்பத்தான் பாக்கறேன்" என்றார். அதை உன் மாப்பிள்ளைக்குப் படித்துக் காட்டினேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். இப்போது அடுத்த அறையில் குக்கர் விசில் கேட்கிறது. நான் இன்னும் அடுப்பே பற்றவைக்கவில்லை.

அதனால் மேலே எழுதியதில் திட்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை மறந்துவிடு. போஸ்டரை எடுக்காதே, படங்களை இடம் மாற்றிப் போடு. செயலாளர் கையெழுத்தோடு அழைப்புக் கடிதம் வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும். கூடவே மனைவியும் குழந்தையும் வரலாமா, அதற்கு என்ன படிவம் என்றும் கேட்டுச் சொல். போன் செய்யாதே, யார் எடுத்துப் பேசுவார்கள் என்று எனக்கே தெரியாது. உன் கையால் எழுதி, சீக்கிரம் பதில் அனுப்பு.