மாப்பிள்ளை வண்டிக்கு மாமனார் ஊற்றிய எண்ணெய்

அன்பும் மரியாதையும் மிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் எழுதிக்கொண்டது. இங்கே நானும் தங்கள் மனைவியும் நலம். அங்கே தங்கள் உடம்பும் பயிற்சியும் நல்லபடியாக இருக்கும் என்று நம்புகிறேன். தங்கள் மோட்டார் சைக்கிளும் நலம் என்று இதே வரியில் எழுதி முடித்திருக்கலாம். மனம் ஒப்பவில்லை.

ஆறு மாதப் பயிற்சிக்குக் கிளம்பிய அன்று தாங்கள் சாவியை என் கையில் வைத்து, "மாமா, வாரத்துக்கு ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் ஓட விடுங்க, போதும். வேற ஒண்ணும் செய்ய வேணாம்" என்றீர்கள். கல்யாணமாகி நான்கு வருஷத்தில் தாங்கள் என்னை நம்பி ஒப்படைத்த முதல் பொருள் அது. ஒன்றும் செய்யாமல் இருக்க எனக்கு வருமா? சாவியைக் காலண்டர் ஆணியில் மாட்டி, மத்தியானத் தூக்கம் நீங்கலாக மற்ற நேரமெல்லாம் காவல் காத்தேன். நிறுத்திய இடத்திலேயே நிற்கும் வண்டியில் பெட்ரோல் எவ்வளவு வேகமாக ஆவியாகிறது என்பதைப் பார்த்து அதிசயித்தேன். மூன்று தடவை வாங்கி ஊற்றினேன். அப்புறம் ஒரு நாள், இன்ஜின் ஓரத்தில் சின்னதாக ஒரு கண்ணாடி வட்டம் இருக்கிறதே, அதில் எட்டிப் பார்த்தால் எண்ணெய் கன்னங்கரேலென்று கிடக்கிறது. முப்பத்தெட்டு வருஷம் மருந்துக்கடை நடத்தியவன் நான். நிறம் மாறிய சிரப்பைக் கண்டால் கொட்டிவிட்டுத்தான் மறுவேலை. கொட்டிவிட்டேன்.

எண்ணெய்க் கடைக்காரர் பைக் எண்ணெய் அலமாரியைக் காட்டினார். எல்லாம் சின்னச் சின்ன பாட்டில். மேல்தட்டில் தங்க நிறத்தில் ஒன்று ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது. அதைக் கேட்டேன். "அது காருக்கு சார்" என்றார். "காருக்கே நல்லதுன்னா பைக்குக்குக் கெடுதலா?" என்று மடக்கினேன். பெரியவர்கள் மாத்திரையைக் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள் என்று ஆயுசு முழுக்க ஊருக்குச் சொன்னவன் கேட்ட கேள்வி இது. அவர் "உங்க இஷ்டம்" என்று எடுத்துக் கொடுத்துவிட்டார்.

ஊற்றினேன், ஏறி உட்கார்ந்தேன். வண்டி உறுமியது உறுமியபடி இருந்தது, நகர்வதாகத்தான் காணோம். எவ்வளவு முறுக்கினாலும் சத்தம் முன்னால் போகிறது, நான் பின்னாலேயே இருக்கிறேன். முட்டை அட்டை கட்டிய சைக்கிள்காரர் ஒருவர் என்னைத் தாண்டிப் போய், திரும்பிப் பார்த்து, பாவப்பட்டு வேகத்தைக் குறைத்துக்கொண்டார். அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை மாப்பிள்ளை. தங்கள் முகத்தில் எப்படி முழிப்பது என்பதே நினைப்பாக இருந்தது.

மெக்கானிக்கை எல்லோரும் மௌனி என்பார்கள், பேச்சு அவ்வளவு குறைவு. அவரே அன்று வாய் திறந்தார். "சார், கார்ல கிளட்ச் தனியா காஞ்சு கிடக்கும். இதுல இன்ஜின், கியர், கிளட்ச் மூணும் ஒரே எண்ணெயில குளிக்குது. நீங்க ஊத்தினதுல வழுக்கறதுக்குன்னே மருந்து கலந்திருக்கு. கிளட்ச் பிளேட் எப்படிப் பிடிக்கும்?" என்றார். நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அதே எண்ணெய் பிஸ்டனை வழுக்க விட வேண்டும், கிளட்ச்சை வழுக்க விடக் கூடாது. ஒரே பாட்டில் சிரப், ஒரு பிள்ளையைத் தூங்க வைத்து இன்னொன்றை எழுப்பிவிடுவது போல. என் கடையில் அப்படி ஒன்று இருந்ததே இல்லை. சரியான பாட்டிலில் டென் டபிள்யூ ஃபார்ட்டி என்று போட்டிருந்தது. முன் எண் குளிருக்கு, பின் எண் சூட்டுக்காம். குளிரில் கெட்டிப்பட்டுப் போகாமல், சூட்டில் நீர்த்துப் போகாமல் தன்னைப் பார்த்துக்கொள்கிறது. எனக்கு இந்த வயசு வரைக்கும் அது வாய்க்கவில்லை. கறுத்துப் போவதுகூட கெட்டுப்போனதால் இல்லையாம், அழுக்கையெல்லாம் தான் வாங்கிக்கொள்வதால். கேட்டதும் கண் கலங்கிப் போச்சு மாப்பிள்ளை. இத்தனை நாளா இது தெரியாம எத்தனை பைக் என்னைத் தாண்டிப் போயிருக்கு.

தேய்ந்த பிளேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்த மௌனி, "வண்டிய யாரு ஓட்டறாங்க?" என்று கேட்டார். "யாரும் இல்லை" என்றேன். கூட வந்திருந்த தங்கள் மனைவிக்கு அப்போது பார்த்து டீ வாங்கப் போக வேண்டியிருந்தது. மௌனி என்னையும் பார்த்தார், பிளேட்டையும் பார்த்தார், மறுபடி மௌனமாகிவிட்டார். புது பிளேட் போட்டாயிற்று, சரியான எண்ணெயும் ஊற்றியாயிற்று. குற்றம் முழுக்க என்னுடையது. வண்டி வாசலைத் தாண்டியது அந்த ஒரு நாள்தான், என் கையால்தான். மன்னிக்க வேண்டும்.

தாங்கள் குளிரில் உறையாமலும் சூட்டில் உருகாமலும் நீண்ட நாள் ஓட வேண்டும் என்று வாழ்த்தி, வரும் சனிக்கிழமை சாவியைத் தங்கள் கையிலேயே ஒப்படைக்கக் காத்திருக்கும்,
தங்கள் மாமனார்.

பி.கு.: எழுத்துப்பிழை பார்க்க இதை மகளிடம் கொடுத்தேன். சுவரில் சாய்ந்து சிரித்துவிட்டு, "பாவம்ப்பா அந்த எண்ணெய். நீங்க தூங்கினதும் தெருமுனை வரைக்கும் தள்ளிட்டுப் போயி தினம் நான்தான் ஓட்டிப் பழகினேன். பாலத்து ஏத்தத்துல கிளட்ச்ச பாதி பிடிச்சே ஏறுவேன். நீங்க எண்ணெய் மாத்தறதுக்கு முன்னாடியே வழுக்க ஆரம்பிச்சிடுச்சு" என்கிறாள். ஆக, பெட்ரோல் ஆவியாகவில்லை. எண்ணெயைப் பார்த்து வாய் பிளந்தவன் இப்போது மகளைப் பார்த்து வாயை மூடாமல் இருக்கிறேன். லைசென்ஸ் போன வாரமே வந்துவிட்டதாம். சனிக்கிழமை ஸ்டேஷனுக்குத் தங்களைக் கூப்பிட அவளே வண்டியில் வருகிறாள். பின் சீட்டில் உட்காரப் பழகிக்கொள்ளவும். சாவி இப்போது என்னிடம் இல்லை.